பந்து மூட்டு (தானுந்து)

பந்து மூட்டு என்பது தானுந்தின் சக்கரத்தைத் தாங்கும் உறுப்பை, வண்டியின் அடிச்சட்டத்திலிருந்து நீளும் கட்டுப்பாட்டுக் கையுடன் இணைக்கும் உருண்டை வடிவ மூட்டு ஆகும். பட்டறைகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் இது பால் ஜாயிண்ட் என்றே வழங்கப்படுகின்றது. மனித உடலின் இடுப்பிலும் தோளிலும் உள்ள பந்துக் கிண்ண மூட்டைப் போலவே, ஒரு கிண்ணத்துக்குள் அடங்கிய உருண்டை எத்திசையிலும் திரும்பும் அமைப்பே இதன் அடிப்படையாகும். பெரும்பாலான மகிழுந்துகளின் முன்பக்கத் தொங்கல் அமைப்பில், ஒவ்வொரு பக்கத்திலும் இத்தகைய மூட்டு ஒன்றோ இரண்டோ காணப்படும். உருவில் சிறியதாயினும், இது கழன்றால் சக்கரம் தன் இடத்தில் நிற்காது. எனவே தானுந்தின் பாதுகாப்பு சார்ந்த உறுப்புகளுள் தடுப்பிக்கு இணையாக இதனைக் கருதலாம்.

பணி

முன் சக்கரம் ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டியுள்ளது. மேடு பள்ளங்களுக்கு ஏற்ப அது மேலும் கீழும் அசைய வேண்டும். ஓட்டுநர் திருப்பும்போது இடமும் வலமும் திரும்பவும் வேண்டும். கதவுக் கீல் போன்ற எளிய இணைப்பு ஓர் அச்சில் மட்டுமே அசையும். இரண்டு அசைவுகளும் ஒரே புள்ளியில் நிகழ வேண்டுமெனில் உருண்டை மூட்டே தக்க தீர்வாகும்.

மேலும் கீழும் ஒவ்வொரு மூட்டு உள்ள அமைப்பில், இரு உருண்டைகளின் மையங்களை இணைக்கும் கற்பனைக் கோடே சக்கரம் திரும்பும் அச்சு ஆகும். இக்கோடு முன்புறம் பார்க்கையில் சற்று உட்சாய்ந்தும், பக்கவாட்டில் பார்க்கையில் சற்றுப் பின்சாய்ந்தும் அமைக்கப்படுகின்றது. திருப்பிய பின் கைப்பிடி வளையம் தானாகவே நேர்நிலைக்குத் திரும்புவதற்கு இச்சாய்வுகளே காரணம். மூட்டு தேய்ந்து உருண்டையின் மையம் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் இக்கோட்டின் சாய்வு மாறிவிடுகின்றது. தேய்ந்த மூட்டுள்ள வண்டி சாலையில் அலைவதும், டயர் ஒருபக்கமாகத் தேய்வதும் இதனாலேயே.

அமைப்பு

பந்து மூட்டில் நான்கு முதன்மைப் பகுதிகள் உள்ளன. முதலாவது, ஒரு முனையில் உருண்டையும் மறுமுனையில் மரையும் கொண்ட உருக்குத் தண்டு. உருண்டையின் மேற்பரப்பு மிகவும் வழவழப்பாகத் தேய்த்து மெருகேற்றப்பட்டிருக்கும். இரண்டாவது, அவ்வுருண்டையை அடக்கும் கிண்ணம். மூன்றாவது, இரண்டுக்கும் இடையிலுள்ள உள்ளுறை. பழைய வகைகளில் இது உலோகத்தாலானது. இக்கால வகைகளில் பெரும்பாலும் பாலிஅசிட்டால் போன்ற நெகிழியாலானது. நான்காவது, கிண்ணத்தின் வாயை மூடி நிற்கும் ரப்பர் தூசுறை. விலையில் மிகக் குறைந்தது இந்தத் தூசுறையே. ஆனால் மூட்டின் ஆயுளை முடிவு செய்வதும் அதுவே.

தண்டின் கழுத்து இருவகையாக அமையும். கூம்பு வடிவக் கழுத்து, அதே சாய்வுடைய துளைக்குள் இறுகி அமர்ந்து, நட்டினால் இழுத்துப் பூட்டப்படும். கோட்டை மதில் போன்ற வெட்டுகள் உள்ள நட்டும், அதன் ஊடாகச் செல்லும் ஸ்பிளிட் பின்னும் நட்டு கழலாமல் காக்கின்றன. சில வண்டிகளில் நைலான் வளையம் கொண்ட நட்டு பயன்படுகின்றது. இரண்டாம் வகையில் கழுத்து நேரான உருளையாக இருக்கும்; அதன் பக்கவாட்டில் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். சக்கரத் தாங்கியின் பிளவுபட்ட துளைக்குள் இதனைச் செருகி, குறுக்கே ஒரு போல்ட்டை இறுக்குவர். அந்தப் போல்ட் கழுத்தின் பள்ளத்தைத் தொட்டுச் செல்வதால், பிடி தளர்ந்தாலும் தண்டு நழுவி வெளியேறாது.

சுமை தாங்கும் மூட்டும் சுமை தாங்காத மூட்டும்

இவ்வேறுபாட்டை அறியாமல் பந்து மூட்டைச் சரியாகச் சோதிக்க இயலாது.

இரட்டைக் கை அமைப்பில் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் உள்ளன. சுருள்வில் கீழ்க் கையின்மீது அமர்ந்திருந்தால், வண்டியின் எடை வில்லின் வழியாகக் கீழ்க் கைக்கும், அங்கிருந்து கீழ் மூட்டின் வழியாகச் சக்கரத்துக்கும் செல்கின்றது. எனவே கீழ் மூட்டு சுமை தாங்குவது. மேல் மூட்டு சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பது மட்டுமே. டொயோட்டா இன்னோவா போன்ற வண்டிகளின் முன்பக்கம் இவ்வகையைச் சேர்ந்தது. சுருள்வில்லுக்கு மாற்றாக முறுக்குத் தண்டு கீழ்க் கையுடன் பிணைக்கப்பட்டிருந்தாலும் கணக்கு இதுவே. 1960களின் ஃபோர்டு மஸ்டாங் போன்ற சில அமெரிக்க வண்டிகளில் வில் மேல் கையின்மீது அமைந்திருந்தது. அங்கே மேல் மூட்டே சுமை தாங்குவது.

மாக்ஃபெர்சன் தூண் அமைப்பில் மேல் கையே இல்லை. வில்லும் அதிர்வேற்பியும் ஒரே தூணாகச் சக்கரத் தாங்கியின்மேல் நிற்கின்றன. வண்டியின் எடை தூணின் மேல்முனையிலிருந்து நேராகச் சக்கரத் தாங்கிக்கு இறங்கிவிடும். கீழே உள்ள ஒரே பந்து மூட்டு செங்குத்துச் சுமையைத் தாங்குவதில்லை. தடுப்பியை அழுத்தும்போதும் வளைவில் திரும்பும்போதும் எழும் கிடைவிசைகளை மட்டுமே ஏற்கின்றது. 1983 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 உட்பட, இந்தியச் சாலைகளில் ஓடும் சிறு மகிழுந்துகளில் பெரும்பாலானவை இவ்வமைப்பைக் கொண்டவை. சுமை தாங்காதது என்பதால் முக்கியத்துவம் குறைந்தது என எண்ணலாகாது. சக்கரத்தின் அடிப்பகுதியை உடலோடு கட்டி வைத்திருப்பது அந்த ஒற்றை மூட்டுதான்.

சுமை தாங்கும் மூட்டுகளிலும் ஒரு நுட்பம் உண்டு. சிலவற்றில் எடையானது உருண்டையைக் கிண்ணத்துக்குள் அழுத்துகின்றது. வேறு சிலவற்றில் உருண்டையைக் கிண்ணத்தின் வாய்ப்புறமாக இழுக்கின்றது. முதல் வகை தேய்ந்தாலும் எடையே மூட்டை ஒன்றாக வைத்திருக்கும். இரண்டாம் வகை தேயும்போது, அதே எடை மூட்டைப் பிரிக்க முயலும்.

வரலாறு

20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் பெரும்பாலான வண்டிகளில் கிங் பின் எனப்படும் செங்குத்துக் கட்டையாணியைச் சுற்றியே சக்கரம் திரும்பியது. மேல் கீழ் அசைவுக்குத் தனியே கீல்கள் இருந்தன. எடையும் மசகிட வேண்டிய இடங்களும் அதில் அதிகம். அமெரிக்காவில் 1952 லிங்கன் மகிழுந்துகளில் முன்பக்கப் பந்து மூட்டு அமைப்பு வந்தது. 1954இல் அது ஃபோர்டு மகிழுந்துகளுக்கும் விரிந்தது. பிரித்தானியாவில் 1959இல் வெளிவந்த மினி மகிழுந்தின் சக்கரத் தாங்கியில் மேலும் கீழும் பந்து மூட்டுகள் இருந்தன. மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் நீக்கியும் அவற்றின் இறுக்கத்தைச் சரிசெய்ய முடிந்தது. வோக்ஸ்வேகன் பீட்டில் 1966ஆம் ஆண்டு மாதிரியில் கட்டையாணியைக் கைவிட்டுப் பந்து மூட்டுக்கு மாறியது. ஏர்ல் மாக்ஃபெர்சன் வடிவமைத்த தூண் அமைப்பு 1950இல் அறிமுகமான ஃபோர்டு கான்சல், செஃபிர் மகிழுந்துகளின் வழியே பரவியது. கனரக லாரிகளின் முன் அச்சில் கட்டையாணி இன்றும் வழக்கிலுள்ளது.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரானே குழுமம், வண்டிகளின் திருப்பு அமைப்புக்கும் தொங்கல் அமைப்புக்கும் உரிய பந்து மூட்டுகளைத் தயாரிக்கும் இந்திய நிறுவனங்களுள் ஒன்றாகும்.

தேய்மானம்

நல்ல தூசுறைக்குள் மசகுடன் இருக்கும் மூட்டு பல்லாண்டுகள் உழைக்கக்கூடியது. தூசுறை கிழிந்ததும் நிலைமை மாறிவிடுகின்றது. மசகு வெளியேற, மழைநீரும் மணலும் உட்புகுகின்றன. மணலும் மசகும் கலந்த குழம்பு உருண்டையின் மெருகை அரைக்கின்றது. நீர் அதில் துருக்குழிகளை உண்டாக்குகின்றது. சொரசொரப்பான உருண்டை உள்ளுறையை அராவுகின்றது. இதன்பின் தேய்மானம் மிக விரைவாக நிகழும். ஆகவே, கிழிந்த தூசுறையைக் கண்டால் மூட்டில் ஆட்டம் தென்படாவிட்டாலும் அதன் காலம் எண்ணப்படுகின்றது என்றே கொள்ள வேண்டும். கடலோர ஊர்களின் உப்புக் காற்று, வெள்ளநீரில் ஓட்டுதல், உயர் அழுத்த நீர்ப்பீச்சியைத் தூசுறையின் விளிம்பில் நேராகப் பிடித்துக் கழுவுதல் ஆகியனவும் நீர் உட்புகக் காரணமாகின்றன. பள்ளத்திலோ வேகத்தடையிலோ வேகம் குறைக்காமல் இறங்குவது உள்ளுறையை நசுக்கும்.

தேய்மானம் உருண்டையைச் சுற்றிலும் சீராக நிகழ்வதில்லை. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் அந்நிலையில் தொடும் பகுதியே அதிகம் தேய்கின்றது. தேய்ந்த மூட்டின் மூடியை அடித்து இறுக்கித் தரும் வழக்கம் ஆங்காங்கே உண்டு. அவ்வாறு இறுக்கிய மூட்டு நேர்நிலையில் தளர்வாகவும், முழுதாகத் திருப்பிய நிலையில் பிடித்துக்கொள்வதாகவும் இருக்கும். மேலும் அடிபட்ட விளிம்பு எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்ல இயலாது. சேமிக்கும் பணத்தை ஒப்பிட்டால் இது செய்யத்தகாத வேலையாகும்.

அறிகுறிகள்

மெதுவான வேகத்தில் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது முன்பக்கத்தில் 'டொக்' என்னும் ஒலி எழுவது பொதுவான அறிகுறி. நிலைநிறுத்தக் கம்பியின் இணைப்பு, கையின் ரப்பர் புஷ், தூணின் மேல்முனை ஆகியனவும் இதே ஒலியைத் தரும்; எனவே ஒலியை மட்டும் கொண்டு முடிவு செய்தலாகாது. கைப்பிடியைத் திருப்புகையில் கிறீச்சிடும் ஒலி, மசகு வறண்ட மூட்டைக் குறிக்கலாம். நேர்சாலையில் வண்டி இருபுறமும் அலைதல், தடுப்பியை அழுத்துகையில் ஒருபக்கம் இழுத்தல், டயரின் உள் அல்லது வெளி விளிம்பு மட்டும் தேய்தல் ஆகியன பிற அறிகுறிகள். திருப்பிய பின் கைப்பிடி தானாக மீளாமல் நின்றுவிட்டால், மூட்டு துருவால் இறுகியிருக்க வாய்ப்புண்டு.

எந்த ஒலியும் எழுப்பாமல் அபாய நிலையை எட்டிய மூட்டுகளும் உண்டு. குறிப்பாகச் சுமை தாங்கும் மூட்டில், வண்டியின் எடை ஆட்டத்தை மறைத்துவிடுகின்றது. ஆகையால் ஒலி வரட்டும் எனக் காத்திராமல், டயர் மாற்றும்போதும் சக்கரக் கோணம் சரிபார்க்கும்போதும் மூட்டுகளைச் சோதிக்கச் சொல்வது நன்று.

சோதித்தல்

சோதனையின் அடிப்படை விதி ஒன்றே: மூட்டின்மீதுள்ள சுமையை நீக்கிய பின்பே அதன் ஆட்டத்தைக் காண முடியும். ஜாக்கியை எங்கே வைப்பது என்பது இவ்விதியிலிருந்தே பெறப்படுகின்றது.

வில் கீழ்க் கையின்மீது உள்ள வண்டியில், ஜாக்கியைக் கீழ்க் கைக்கு அடியில், மூட்டுக்கு இயன்றவரை அருகில் வைத்துத் தூக்க வேண்டும். அப்போது வில்லின் விசையை ஜாக்கி ஏற்றுக்கொள்ள, சக்கரமும் மூட்டும் சுமையின்றித் தொங்கும். ஜாக்கியை அடிச்சட்டத்தில் வைத்துத் தூக்கினால் வில் கையைக் கீழே தள்ளி மூட்டை இறுக்கிப் பிடித்துவிடும். முற்றிலும் தேய்ந்த மூட்டும் நல்லதுபோலத் தோன்றும். பட்டறைகளில் மிகுதியாக நிகழும் தவறு இதுவே. வில் மேல் கையின்மீது உள்ள வண்டியில் இதற்கு மாறாக, மேல் கைக்கும் சட்டத்துக்கும் இடையே மரக்கட்டை செருகி, சட்டத்தில் தூக்க வேண்டும். மாக்ஃபெர்சன் தூண் உள்ள வண்டியை உடற்பகுதியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் போதும். இரு முன் சக்கரங்களையும் சேர்த்துத் தூக்குவது நல்லது. ஒன்றை மட்டும் தூக்கினால் நிலைநிறுத்தக் கம்பி முறுக்கேறிக் கையை அழுத்தும். எவ்வகையாயினும் வண்டியை உறுதியான தாங்குகட்டையின்மீது நிறுத்திய பின்பே அடியில் கை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பலாகாது.

தூக்கிய பின், கடிகார முகத்தில் 12, 6 ஆகிய எண்கள் உள்ள இடங்களில் சக்கரத்தைப் பிடித்து உள்ளும் புறமும் ஆட்ட வேண்டும். உடனிருப்பவர் மூட்டைக் கண்ணால் பார்த்தும் விரலால் தொட்டும் அசைவை அறியலாம். அடுத்து டயருக்கு அடியில் நெம்புகோலை இட்டு மேல்நோக்கி உயர்த்தினால் செங்குத்து ஆட்டம் தெரியும். 9, 3 ஆகிய இடங்களில் பிடித்து ஆட்டும்போது தெரியும் ஆட்டம் பெரும்பாலும் திருப்பு அமைப்பின் டை ராட் முனையைச் சார்ந்தது. சக்கரத் தாங்குருளையின் ஆட்டமும் இதேபோல் தோன்றும். ஒருவர் தடுப்பியை அழுத்திப் பிடித்திருக்கையில் ஆட்டம் மறைந்தால் குறை தாங்குருளையில். மறையாவிட்டால் மூட்டிலோ புஷ்ஷிலோ எனக் கொள்ளலாம்.

எவ்வளவு ஆட்டம் ஏற்கத்தக்கது என்பது வண்டிக்கு வண்டி மாறுபடும். சில தயாரிப்பாளர்கள் சிறிதும் ஆட்டம் கூடாது என்கின்றனர். சிலர் ஒரு மில்லிமீட்டருக்கு மேலும் அனுமதிக்கின்றனர். கைகாட்டி அளவியைப் பொருத்தி அளந்து, அவ்வண்டியின் பழுதுபார்ப்புக் கையேட்டுடன் ஒப்பிடுவதே முறை. சில அமெரிக்க வண்டிகளின் கீழ் மூட்டில் தேய்மானம் காட்டும் அமைப்பு உண்டு. மசகு முலையைச் சுற்றியுள்ள கழுத்து, புதிதாக இருக்கும்போது மூடியின் பரப்பிலிருந்து 1.27 மில்லிமீட்டர் துருத்தி நிற்கும். தேயத் தேய அது உள்வாங்கும். மூடியோடு சமமானால் மூட்டை மாற்ற வேண்டும். இவ்வகையை மட்டும் வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே பார்க்க வேண்டும்.

மசகிடல்

மசகு முலை உள்ள மூட்டுகளுக்கு, கையேடு கூறும் இடைவெளியில் கிரீஸ் ஏற்ற வேண்டும். லித்தியம் சோப்பை அடிப்படையாகக் கொண்ட, மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ் பரவலாகப் பயன்படுகின்றது. ஏற்றுமுன் முலையின் நுனியைத் துணியால் துடைக்காவிட்டால், வெளியிலுள்ள மண்ணையே உள்ளே செலுத்தியதாகும். கைப்பம்பினால் மெதுவாக ஏற்றி, தூசுறை இலேசாக உப்பியதும் நிறுத்திவிட வேண்டும். காற்றழுத்தப் பம்பின் விசை தூசுறையைக் கிழித்துவிடக்கூடும்.

இக்கால மகிழுந்துகளில் பெரும்பாலானவற்றின் மூட்டுகள் ஆலையிலேயே மசகிட்டு மூடப்பட்டவை, முலை கிடையாது. ஊசியால் துளைத்துக் கிரீஸ் ஏற்றுவது, தூசுறையில் ஓட்டை இடுவதற்கு ஒப்பாகும். இவற்றுக்குரிய பராமரிப்பு தூசுறையை அவ்வப்போது பார்வையிடுவது மட்டுமே.

மாற்றுதல்

மூட்டு கையுடன் பிணைக்கப்படும் விதம் பலவாகும். போல்ட்டுகளால் பூட்டப்பட்டது எளிதில் கழலும். ரிவிட் அடிக்கப்பட்டதில் ரிவிட்டுகளைத் துளைத்தெடுத்து, புதிய மூட்டுடன் வரும் போல்ட்டுகளைப் பூட்டுவர். அழுத்திச் செருகப்பட்டதற்கு அழுத்துபொறி வேண்டும். சில வண்டிகளில் மூட்டும் கையும் ஒரே உறுப்பாக விற்கப்படுவதால் கையையே மாற்ற நேரும். அப்போது ரப்பர் புஷ்களும் புதிதாகிவிடுவதால் இது வீண்செலவு அன்று.

இவ்வேலையில் உயிருக்கு இடர் விளைவிக்கும் கட்டம் ஒன்று உண்டு. வில் கீழ்க் கையின்மீது உள்ள வண்டியில், கீழ் மூட்டின் நட்டைக் கழற்றுமுன் கையின் அடியில் ஜாக்கியை நிறுத்தி வில்லைத் தாங்க வேண்டும். தாங்காமல் மூட்டைப் பிரித்தால், அழுந்தியிருந்த வில் கையை அறைந்து தள்ளிவிட்டு வெளியே பாயும். எதிரில் இருப்பவரைக் கொல்லும் அளவுக்கு அதில் ஆற்றல் உண்டு. முறுக்குத் தண்டு உள்ள வண்டியிலும் முறுக்கைத் தளர்த்தாமல் பிரித்தலாகாது. வீட்டு வாசலில் தாமே பழுதுபார்ப்போர், மாக்ஃபெர்சன் தூண் உள்ள வண்டியில் இவ்வேலையைச் செய்யத் துணியலாம். பிறவற்றைப் பட்டறைக்கு விடுவது அறிவுடைமை.

கூம்புக் கழுத்தைத் துளையிலிருந்து விடுவிக்க இழுகருவி பயன்படும். கவை வடிவ ஆப்பை அடித்தும் பிரிக்கலாம். ஆனால் அது தூசுறையைக் கிழிப்பதால், தூக்கி எறியப்போகும் மூட்டுக்கு மட்டுமே பொருந்தும். சக்கரத் தாங்கியின் துளையைச் சுற்றியுள்ள தடித்த பகுதியில் சுத்தியலால் ஓங்கி அடித்தாலும் கூம்பு விடுபடும். மரையின்மீது நேராக அடிப்பது கூடாது.

புதிய மூட்டைப் பொருத்துமுன் கூம்பையும் துளையையும் துடைத்து உலர்வாக வைக்க வேண்டும். கூம்பில் எண்ணெய் தடவக் கூடாது. நட்டைக் கையேடு கூறும் முறுக்குவிசைக்கு இறுக்கிய பின் ஸ்பிளிட் பின்னின் துளை நேர்ப்படாவிட்டால், மேலும் சிறிது இறுக்கியே நேர்ப்படுத்த வேண்டும், ஒருபோதும் தளர்த்தலாகாது. ஸ்பிளிட் பின்னும் நைலான் நட்டும் ஒருமுறைக்கே உரியவை. கையின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை அவிழ்த்திருந்தால், வண்டியின் எடை சக்கரங்களில் நிற்கும்போதே இறுதியாக இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கேறியே இருந்து விரைவில் கிழியும். முடிவில் சக்கரக் கோணங்களைச் சரிபார்ப்பது இன்றியமையாதது.

இரு பக்க மூட்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டுமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டும் ஒரே தொலைவு ஓடியவை என்பதால் மற்றதும் தேய்ந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஆயினும் சோதனையில் ஆட்டமின்றி, தூசுறை நல்ல நிலையிலுள்ள மூட்டைக் கட்டாயம் மாற்ற வேண்டும் என்பதற்குப் பொறியியற் காரணம் இல்லை.

கழன்றுவிழல்

தேய்மானம் முற்றினால் உருண்டை கிண்ணத்திலிருந்து வெளியேறிவிடும். அக்கணமே சக்கரம் சாய்ந்து மடங்கும். வண்டியின் அம்மூலை தரையில் இறங்கும். முன்சக்கர இயக்க வண்டிகளில் அச்சுத் தண்டும் பிடுங்கப்படலாம். தடுப்பிக் குழாய் அறுபடலாம். வண்டி நிறுத்துமிடத்தில் கைப்பிடியை முழுதாகத் திருப்பும்போது இது நிகழ்ந்தால் பொருட்சேதத்தோடு போகும். நெடுஞ்சாலை வேகத்தில் நிகழ்ந்தால் ஓட்டுநர் செய்யக்கூடியது சிறிதே.

தேய்மானத்துக்கு எப்போதும் உரிமையாளரின் கவனக்குறைவே காரணம் எனக் கூற இயலாது. 2005இல் டொயோட்டா நிறுவனம் அமெரிக்காவில் டகோமா, டன்ட்ரா, 4ரன்னர், செக்கோயா ஆகிய வண்டிகளில் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது கீழ்ப் பந்து மூட்டின் உருண்டையில் கீறல்கள் விழுந்திருக்கலாம் என்பதும், அவை மூட்டை விரைவில் தேய்த்துத் தளர்த்தக்கூடும் என்பதுமே காரணம். உருண்டையின் மெருகு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இது தக்க சான்று.

ஆட்டம் உறுதிசெய்யப்பட்ட மூட்டுடன் நெடும்பயணம் செல்வது தவிர்க்கப்பட வேண்டும். சக்கரத்தைக் கையால் ஆட்டும்போதே உருண்டை துள்ளுவது கண்ணுக்குத் தெரிந்தால், வண்டியை ஓட்டிச் செல்லாமல் இழுவை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

பிற இடங்களில்

திருப்பு அமைப்பின் டை ராட் முனைகளும், நிலைநிறுத்தக் கம்பியின் இணைப்புகளும் இதே அமைப்புடைய சிறு பந்து மூட்டுகளே. பல்கை அமைப்புள்ள வண்டிகளின் பின்பக்கத்திலும் பந்து மூட்டுகள் இடம்பெறுவதுண்டு.